நேரலையின் வலப்பக்க மூலையில் ஒரு கதிரை

உதைபந்தாட்டத்தை நேரலையில் போடுவது ஓடுகிற பந்தைத் துரத்துகிற வேலை என்று நினைப்பவர்கள், அதை ஒருநாளும் செய்து பார்க்காதவர்கள். பந்தால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. அது எப்படியும் மைதானத்துக்குள்தான் கிடக்கும். சிக்னல் எப்போது போகும், கொமென்ட் எழுதுகிறவர் எதற்குக் கோபிப்பார், எந்த வீரரின் மாமா எந்த நாட்டிலிருந்து என்ன குறை சொல்வார் என்பதுதான் தொழில். உங்களில் யாராவது ஒரு கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ முகநூல் பக்கம் நடத்துகிறவர் என்றால், மேலே விளக்கத் தேவையில்லை. நீங்களும் என் இனம். உங்கள் போனும் சோற்றில் கை வைக்கிற நேரத்தில்தான் அடிக்கும்.

நான் திருகோணமலையில் கலியாண வீடியோ எடுக்கிறவள். துறைமுகத்தைச் சுற்றியுள்ள எட்டுக் கழகங்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் ஒரு சின்ன லீக், சனி ஞாயிறு ஆட்டங்களை முகநூலில் நேரலையாகப் போட என்னைக் கூப்பிட்டது. கழகங்கள் எல்லாம் வேண்டும் என்றன. செயலாளர் குணநாதன் ஐயா ஒருவர்தான் வேண்டாம் என்றார். துறைமுகத்து அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மைதானத்துக் கோட்டுக்குப் பக்கத்தில் லீக்கின் பெயர் எழுதிய ஒரு பிளாஸ்டிக் கதிரை அவருக்கு உண்டு. அதில் வேறொருவர் இருந்ததை நான் கண்டதில்லை. அந்தக் கதிரையில் இருந்தபடியே எனக்கு நிபந்தனை போட்டார். "வீட்டில படுத்துக்கிடந்து பார்க்கலாமெண்டால் ஆர் பிள்ளை வெயிலுக்க வந்து நிக்கப்போகினம்? இந்த ஒரு சீசன் செய்யுங்கோ. இறுதி ஆட்டத்துக்குச் சனம் குறைஞ்சுதெண்டால் கமெராவை மடிச்சுக்கொண்டு போகவேணும்."

ஓம் என்றேன். கலியாணம் இல்லாத நாட்களுக்கு ஒரு வேலை என்றுதான் நினைத்தேன். மூன்றாவது ஆட்டத்துக்குள் அது என் உயிரோடு ஒட்டிவிட்டது. இதை என்னிடமிருந்து பறித்தால் அழுவேன் என்று எனக்கே தெரிந்தது.

குடை

கலியாண வீடியோக்காரிக்கு ஒரு வியாதி உண்டு. தாலி கட்டியதைக் காட்டவில்லை என்று எந்த வீட்டாரும் குறை சொல்லமாட்டார்கள். "எங்கட பெரியம்மா வீடியோவில வரேல்லை" என்றுதான் சண்டைக்கு வருவார்கள். அதனால் ஒரு நிமிஷம் போனதும் என் கை தானாக முகங்களின் பக்கம் திரும்பும். முதல் ஆட்டத்தில் மதிலோரம் ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி நின்றார். என்ன அருமையான முகம் என்று கமெராவை அவர் பக்கம் திருப்பி, ஆறுதலாகக் கிட்டக் கொண்டுபோனேன். கோல் விழுந்ததால்தான் அவர் வாய் பிளந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சீசனின் முதல் கோல் அது. லண்டனிலிருந்து ஒருவர், உலகத்திலேயே கோலை விட்டுவிட்டுக் குடையைக் காட்டிய முதல் நேரலை இதுதான் என்று எழுதினார். அதற்குக் கீழே சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தன. அன்றிலிருந்து கமெராவை முழு மைதானமும் தெரிய அகலமாக வைத்துப் பூட்டிவிட்டேன். ஆட்டம் நடக்கும்போது அதைத் தொடுவதே இல்லை. ஆனால் அன்று மாலை செயலாளர் ஐயா விடவில்லை. கோபமாகக்கூடக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

"பிள்ளை, கலியாண வீட்டில தாலி கட்டேக்க நீங்கள் பந்தியையோ காட்டுறனீங்கள்?"

மாஸ்டரின் வானொலி

எங்கள் வர்ணனையாளர் நஸீர் மாஸ்டர். கிண்ணியாவில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, பொதுக்கூட்டம், மீலாத் விழா எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கியில் அவர் குரல்தான். பாலம் கடந்து ஸ்கூட்டரில் வருவார். கூடவே ஒரு பிளாஸ்க் பிளேன்ரீயும் வரும். அவருக்கு ஒரு நம்பிக்கை, கேட்கிற யாருக்கும் கண் தெரியாது என்று. "நீல நிறச் சீருடை அணிந்த ஏழாம் இலக்க வீரர், பந்தைக் கோயில் பக்கமிருந்து கடற்கரைப் பக்கமாகச் செங்கோணத்தில் நகர்த்துகிறார்" என்பார். மைதானத்துக்கு இடம் வலம் எதுவும் கிடையாது. கோயில் பக்கம், கடற்கரைப் பக்கம், பஸ் நிலையப் பக்கம், அவ்வளவுதான். படம் தெரிகிறதே மாஸ்டர், இவ்வளவும் சொல்லத் தேவையில்லையே என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் பிளேன்ரீயை ஒரு வாய் குடித்துவிட்டு, பூச்சியத்திலிருந்து தொடங்கினார்.

ஒரு சனிக்கிழமை மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு வீரர் ஒற்றைக் காலைத் தூக்கிய நிலையில் படம் உறைந்துவிட்டது. குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அரைமணி நேரம் அந்த மனிதர் கால் தூக்கியபடியே நின்றார். நான் பயந்துபோய்க் கொமென்ட்டுகளைப் பார்த்தேன். புல்மோட்டையைச் சேர்ந்த இர்பான் என்று ஒருவர், டோஹாவில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர், எங்கள் நிரந்தர வாடிக்கையாளர். நமக்குப் பின்னேரம், அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம். எங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவார். ஒரு வசை வரப்போகிறது என்று நினைத்துத்தான் அவருடையதை வாசித்தேன்.

"படம் நிண்டிட்டு, மாஸ்டர் நிக்கல்ல. கடற்கரைப் பக்கம், கோயில் பக்கம் எண்டு சொல்லச் சொல்ல ஊருக்குள்ள நடந்து வந்த மாதிரி இருந்திச்சு. நாளைக்கும் படத்த நிப்பாட்டி வெச்சா நல்லம்."

பாண்

மாஸ்டருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. கொமென்ட் வந்தவுடன் அதை முதலில் தான் வாசிக்காமல் நேரே ஊருக்கு வாசித்துவிடுவார். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு மைக். நேரலைக்கும் அதுதான், மைதானத்து ஒலிபெருக்கிக்கும் அதுதான். செல்வம் என்ற மத்தியஸ்தர் ஒரு முரட்டு வீரருக்கு மஞ்சள் அட்டை காட்டச் சட்டைப்பையில் கை வைத்த நேரம், செய்தி வாசிக்கிற குரலில் மாஸ்டர் அறிவித்தார். "மத்தியஸ்தர் செல்வம் அவர்களுக்கு ஒரு செய்தி. வரும்போது பேக்கரியில் பாண் வாங்கி வரவும். காலையில் சொன்னதை மறந்தது போல இதையும் மறக்க வேண்டாம். இப்படிக்கு வீட்டில்."

மைதானம் முழுக்கச் சிரித்தது. மஞ்சள் அட்டை வாங்க நின்ற வீரரும் சிரித்தார். செல்வம் மட்டும் சிரிக்காமல் அட்டையைக் காட்டிவிட்டு, விசிலை ஊதிவிட்டு ஓடினார். இடைவேளைக்கு அவர் நேரே எங்கள் மேசையை நோக்கி நடந்து வந்தபோது, மாஸ்டர் பிளாஸ்க்கின் மூடியைத் திருகுவதுபோலக் குனிந்துகொண்டார். நான் மன்னிப்பு வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கினேன். இனிமேல் எந்தக் கொமென்ட்டும் முதலில் என் கண்ணுக்கு வந்து, நான் கடதாசியில் எழுதிக் கொடுத்த பிறகுதான் வாசிக்கப்படும் என்று சட்டமும் போட்டுக்கொண்டேன். அந்தச் சட்டம் பின்னால் எனக்கு உதவியது. செல்வம் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மாஸ்டர், அச்சுப் பாணோ றோஸ் பாணோ எண்டு ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோ."

மூன்று கோலும் ஒரு மானும்

எங்கள் ஊரில் மான்கள் தெருவில் மாடு திரிவதுபோலத் திரியும். எங்களுக்கு அது ஒரு காட்சியே இல்லை. ஒரு ஞாயிறு, ஒரு புள்ளிமான் மூலைக் கொடிப் பக்கமாக உள்ளே வந்தது. கோட்டு மத்தியஸ்தர் கொடியை ஆட்டித் துரத்தினார். அது கோபிக்காமல் கோல் வாசலுக்குப் போய் அங்கே மேயத் தொடங்கியது. ஆட்டம் ஐந்து நிமிஷம் நின்றது. அன்று மாலை எங்கள் முகநூல் பக்கத்தில் இரண்டு வீடியோத் துண்டுகள் போட்டேன். ஒன்று துறைமுகக் கழகத்தின் அணித்தலைவர் ரஞ்சன் தனியாளாய் அடித்த மூன்று கோல்கள். மற்றது மான்.

மான் ஊர் ஊராகப் போனது. எங்கள் லீக்கின் பெயரே கேள்விப்படாத ஆட்கள் அது எந்தக் கழகத்துக்கு விளையாடுகிறது என்று கேட்டார்கள். மூன்று கோலையும் பார்த்தவர்களில் பாதிப்பேர் ரஞ்சனின் சொந்தக்காரர். நான் கொஞ்சம் தலைக்கனத்துடன் செயலாளர் ஐயாவிடம் போனேன். "மான் ஆரையாவது மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்ததோ பிள்ளை?" என்று கேட்டார். பிறகு ரஞ்சனிடம் இருந்து அழைப்பு வந்தது. இறங்குதுறையில் மூட்டை இறக்கிக்கொண்டே கதைத்தார்.

"அக்கா, மூண்டு கோலும் நான் அடிச்சனான். மான் கோல் வாசலில நிண்டு புல்லுத்தான் திண்டது."

சின்னக் கோல்

கமெரா நிற்கிற மேசை கோயில் பக்கக் கோலுக்குக் கிட்ட. பஸ் நிலையப் பக்கக் கோல் தூரத்தில், சின்னதாகத் தெரியும். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கிண்ணியாக் கழகத்தின் முகாமையாளர் இதையே ஒரு முறைப்பாடாக எழுதி, கையெழுத்து வைத்துக் கொண்டுவந்து தந்தார். நாணயச் சுழற்சியில் எப்போதும் தங்களுக்குத் தூரத்துக் கோல் பக்கம்தான் விழுகிறதாம், தங்கள் வெற்றிகள் வெளிநாட்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லையாம். இடைவேளையில் கோல் மாறுகிறதே, எல்லாருக்கும் ஒரு பாதி கிட்ட ஒரு பாதி தூரம்தானே என்றேன். யோசித்தார். அது நியாயம் என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் போகவில்லை.

"அதில்ல தங்கச்சி, நாங்க அடிக்கிறதெல்லாம் தூரத்துப் பாதியிலதான் அடிபடுது. பார்க்கிறவனுக்குச் சின்னக் கோல் மாதிரித்தானே கிடக்கும்."

நீலச் சாரம்

சீசன் பாதியில் சனம் உண்மையாகவே குறைந்தது. படிக்கட்டில் நாலு வரிசை வெறுமையாகக் கிடந்ததைச் செயலாளர் ஐயா பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க எனக்குக் கவலைதான்.

அடுத்த கிழமை இடைவேளையில், காட்ட ஒன்றும் இல்லாததால், கலியாணக் கை பழைய புத்தியைக் காட்டியது. பூட்டைத் திறந்து முகங்களின் மேல் கமெராவை ஓட்டினேன். உடனே டோஹாவிலிருந்து இர்பான் எழுதினார். "மதிலுக்குப் பக்கத்தில நீலச் சாரத்தோட நிக்கிறது என்ட நானா பாறூக்கா? மூணு நாளா போன் எடுக்கிறாரில்ல. எடுக்கச் சொல்லுங்க." எழுதி மாஸ்டரிடம் கொடுத்தேன். "மதிலோரம் நீலச் சாரம் அணிந்திருக்கும் சகோதரர் பாறூக் அவர்களே, உங்கள் தம்பியின் அழைப்பை ஏற்கவும்" என்று ஒலிபெருக்கி சொன்னது. பாறூக் நாலு பக்கமும் பார்த்தார். ஓடி ஒளிய இடமில்லை. போனை எடுத்தார். இர்பான் தன் அண்ணன் தன்னோடு கதைப்பதை எங்கள் நேரலையிலேயே பார்த்துக்கொண்டு கதைத்தார்.

அதற்கு அடுத்த கிழமை பாறூக் மனைவியையும் தாயையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் முன் வரிசையில், முதுகைப் பந்துக்கும் முகத்தை எனக்கும் காட்டி உட்கார்ந்தார்கள். அந்தக் கதை பரவியது. திரியாயிலிருந்து ஓர் அண்ணர் தன் தோட்டத்தில் காய்த்த பூசணிக்காயுடன் பஸ்ஸேறி வந்து, சுவிஸில் இருக்கிற தம்பிக்கு இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். பிறந்த பிள்ளையைக் காட்டினார்கள். புதுச் சேலையைக் காட்டினார்கள். ஆட்டத்தைவிட இடைவேளையைப் பார்க்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒருநாள் இடைவேளை முடிந்து இரண்டு அணியும் மைதானத்துக்குள் இறங்க, பாறூக்கின் தாய் என் மேசைக்கு வந்து கையைப் பிடித்துக் கேட்டார்.

"புள்ள, இந்தப் பந்தடிக்கிறவங்க கொஞ்சம் விலகி நிண்டா என்ட மகனுக்கு என்னய இன்னும் வடிவாத் தெரியுமே."

வலப்பக்க மூலை

அந்த நாட்களில்தான் பக்கத்தின் உள்பெட்டிக்கு டொரொன்டோவிலிருந்து ஒரு செய்தி வந்தது. எழுதியவர் ஷாமினி. செயலாளர் ஐயாவின் ஒரே மகள். கலியாணம் கட்டிப் போனவருக்கு, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இன்னும் ஒருதரம்கூட ஊருக்கு வர வசதிப்படவில்லை. அவருக்கு உதைபந்தாட்டத்தில் ஆர்வம் இல்லையாம். படத்தின் வலப்பக்கக் கீழ் மூலையில் சில நேரம் அப்பாவின் தோள் தெரிகிறது, கமெராவைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைக்க ஏலுமோ என்று கேட்டிருந்தார். அப்பாவுக்குச் சொல்லக்கூடாது, தெரிந்தால் வெட்கத்தில் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்றும் எழுதியிருந்தார்.

கமெராவின் முக்காலியை இரண்டு அடி தள்ளி வைத்தேன். அவ்வளவுதான், ஐயா முழுதாக வந்துவிட்டார். முழங்காலில் தட்டுவது, பந்து வெளியே போனால் தலையைச் சொறிவது, தேத்தண்ணிக் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு மறந்து காலால் தட்டிவிடுவது, எல்லாம் கனடாவுக்குப் போனது. அங்கே விடிகாலை. அப்பா மெலிந்துவிட்டார் போல, போட்டிருக்கிற சேட்டு நான் அனுப்பியது என்று ஷாமினி எனக்குத் தனியே எழுதுவார். அவற்றை நான் மாஸ்டரின் கண்ணில் படாமல் மறைப்பேன். ஒருநாள் ஐயா வெயிலுக்குப் பயந்து கதிரையை நிழலுக்கு இழுத்துவிட்டார். நான் ஓடிப்போய், அவர் அந்த இடத்தில் இருந்தால்தான் படத்துக்கு ஒரு எடுப்பு இருக்கிறது என்று அளந்தேன். "விசர்க் கதை" என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பவும் வெயிலுக்கு வந்தார். இந்த மனிதர்தான் இறுதி ஆட்டத்தன்று என் கமெராவை மடிக்கச் சொல்லப்போகிறார். அப்பாவோடு நேரே போனில் கதைக்கலாமே என்று மகளிடம் ஒருமுறை கேட்டேன். ஷாமினி எழுதினார்.

"போனில ரெண்டு நிமிஷம்தான் அக்கா. சாப்பிட்டியோ, அங்க குளிரோ, சரி வைக்கிறன். இதில தொண்ணூறு நிமிஷம் அப்பாவோட இருக்கலாம்."

சனம் வந்த நாள்

இறுதி ஆட்டத்துக்கு மூன்று மணிக்கே சனம் வரத் தொடங்கியது. புல்மோட்டையிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்தார்கள். குறிஞ்சாக்கேணிப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்தன. கலியாண வீட்டுக்கு வருவதுபோல உடுத்திக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். படிக்கட்டு நிரம்பி, மதில் நிரம்பி, வாகை மரத்திலும் ஆள் ஏறிவிட்டது. நான் மேசைமேல் நின்று அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துறைமுகக் கழகமும் கிண்ணியாக் கழகமும் இறங்கின. மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

பத்து நிமிஷம் ஆகவில்லை, என் போனில் அந்த வட்டம் சுற்றத் தொடங்கியது. படம் போனது. குரலும் போனது. வானத்தில் ஒரு முகில் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். மைதானத்தில் இருந்த அத்தனை பேர் கையிலும் போன். தாங்கள் நேரலையில் தெரிகிறோமா என்று எல்லாரும் எங்கள் நேரலையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருக்கிற ஒரே போன் கோபுரம் அவ்வளவு பேரையும் தாங்கவில்லை. நேரலையைக் காப்பாற்ற வந்த சனம் அதன் கழுத்தைப் பிடித்துவிட்டது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, ஒருவரும் கேட்காத வெளிநாட்டுக்குக் கோயில் பக்கத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் ஐயா முகம் முழுக்கச் சிரிப்போடு வந்தார். "பிள்ளை, நான் தோத்தன். அடுத்த சீசனும் நீங்கள்தான்" என்றார். இதைக் கேட்கத்தான் நான் எட்டு மாசம் காத்திருந்தேன். "ஐயா, லைவ் நிண்டுபோச்சு" என்றேன். "நிண்டால் நிக்கட்டும். சனம்தான் வந்திட்டுதே" என்றார். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. "ஷாமினி பார்க்கிறா ஐயா. சீசன் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறா. பந்தை இல்லை, உங்களை" என்று சொல்லிப் போனை நீட்டினேன். உறைந்துபோன படத்தின் வலப்பக்க மூலையில் அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கியபடி இருந்தார். அதைப் பார்த்தார். சேட்டின் கையைத் தொட்டுப் பார்த்தார். அது மகள் அனுப்பிய சேட்டு. பிறகு மாஸ்டரின் கையிலிருந்த மைக்கை வாங்கினார். சத்தம் போடாமல் சொன்னார்.

"கையில போன் வச்சிருக்கிற எல்லாரும் டேட்டாவை நிப்பாட்டுங்கோ. நாங்கள் தெரியிறமோ எண்டு நாங்களே பார்த்துக்கொண்டிருந்தால், எங்களைப் பார்க்க வேண்டிய பிள்ளையள் பார்க்க ஏலாது."

பூசணிக்காயின் சொந்தக்காரர் கடைசி

முதலில் முன் வரிசை நிறுத்தியது. பிறகு படிக்கட்டு, மதில், கடைசியாக மரம். மாஸ்டர் மைக்கைத் திரும்ப வாங்கி, ஒளித்து வைத்துக்கொண்டு பார்த்தவர்களைப் பெயர் சொல்லி அழைத்தார். நீலச் சாரத்தைச் சொன்னார், பூசணிக்காயின் சொந்தக்காரரையும் சொன்னார். அவர்தான் கடைசி. அவர் போனைச் சட்டைப்பையில் போட்டதும் வட்டம் நின்றது. படம் அசைந்தது. டோஹாவிலிருந்து "மாஸ்டர் வந்திட்டார்" என்று விழுந்தது முதல் கொமென்ட். அடுத்தது உள்பெட்டிக்கு வந்தது. "அப்பாவின்ட கதிரை வெறுமையாக் கிடக்குது. அப்பா எங்க?"

அந்த ஒரு மணி நேரமும் கையில் போன் இல்லாததால் சனத்துக்கு வேறு வழியில்லாமல் எல்லாரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள். சீசனில் முதல் தடவையாக ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. கிண்ணியாக் கழகம் ஒரு கோலால் வென்றது. அதை அடித்தது தூரத்துக் கோலில்தான். முகாமையாளர் அது சின்னதாகத் தெரிந்ததா என்று கேட்கவே இல்லை, அழுதுகொண்டு நின்றார். ஆனால் அதற்கெல்லாம் முன்பு, ஷாமினியின் கேள்வியை நான் முதல் தடவையாக ஐயாவிடமே வாசித்துக் காட்டினேன். அவர் கோட்டோரம் போனார். தோளில் கிடந்த லேஞ்சியால் கதிரையைத் துடைத்தார். கையாலேயே தலைமயிரை வாரிக்கொண்டு உட்கார்ந்தார். பந்து அவர் காலடியால் உருண்டுபோனது. அவர் அதைக் கவனிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, இந்த இடம் காணுமோ, இன்னும் கொஞ்சம் அரக்கி இருக்கவோ?"

துறைமுகத்தின் உதைபந்தாட்டத்தை உலகத்துக்கே காட்டுகிறோம் என்று பக்கத்தின் தலைப்பில் நான்தான் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் உண்மையில் நான் காட்டுவது ஒரு பிளாஸ்டிக் கதிரையையும் ஒரு நீலச் சாரத்தையும்தான், பந்து இடைக்கிடை குறுக்கே போய் வரும்.